தபசு மரத்துச் சிலுவை

என் தம்பி இயேசுவாக நடித்த வருடத்தில், என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அந்த வருடம் முழுக்க வேறு எதையும் நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. சோறு பொங்கும்போது அதுதான், துணி வெட்டும்போது அதுதான், சர்ச்சில் முழங்கால் போட்டாலும் அதுதான். ஜெபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா, அதை மட்டும் சொல்லிவிடு, அப்புறம் நான் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்பேன்.

அவர் வளைகுடாவுக்கு லாரி ஓட்டப் போயிருந்தார். சித்தூரில் அப்போது தெருவுக்கு ஒருவர் போய்க்கொண்டிருந்த காலம். படித்தவன் பெங்களூருக்கு, லைசென்ஸ் உள்ளவன் வளைகுடாவுக்கு. முதலில் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. பிறகு கடிதமும் நின்றது, போனும் நின்றது. மெட்ராஸில் அவரை அனுப்பி வைத்த ஏஜெண்டின் ஆபீசுக்குப் போனால் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் பூத்தில் போய் உட்கார்ந்தேன். யார் யாருக்கோ போன் வரும். அவரவர் சிரித்து, அழுது, கத்திப் பேசிவிட்டுப் போவார்கள். பூத்துக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கும் வரலம்மா" என்பார். கழுத்தில் தாலியைப் போட்டுக்கொண்டிருப்பதா, கழற்றுவதா என்று எவனைப் போய்க் கேட்பது? அம்மா வீட்டுக்கே வந்து தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் நாடகம் வந்து சேர்ந்தது. எங்கள் சபை பழைய மிஷன் சபை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஏதாவது ஒரு நாடகம் போடுவது வழக்கம். படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு, பஞ்சில் தாடி ஒட்டிக்கொண்டு, ஆர்மோனியத்தோடு பாடுவார்கள். யூதாஸ் வேஷக்காரன் மேடையேறியதும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். அந்த வருடம், பெங்களூரில் ஐயர் படிப்புக்குப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு வந்த பையன் ஒருவன், கழுத்துவரை முடியும் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாருமாக வந்து இறங்கினான். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இவன் ஐயர் ஆகாமல், ராக் இசையில் இயேசு பட்ட பாடுகளை நாடகமாக எழுதிக்கொண்டு வந்திருந்தான். என் தம்பி டிகிரி முடித்துவிட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தான், குரல் நன்றாக இருக்கும். அவனைப் பிடித்து இயேசுவாக்கினான். உடுப்பு தைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

தைக்கத் தைக்கத்தான் அந்தப் பையன் என்ன செய்து வைத்திருக்கிறான் என்று எனக்கு விளங்கியது. தீர்ப்பு எழுதுகிற அதிகாரி பிலாத்துவுக்கு சஃபாரி சூட். அவன் தெலுங்கில்தான் பேசுவான், ஏனென்றால் ஆந்திராவில் இருக்கிற எங்கள் ஜில்லாவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் தெலுங்கில்தான் பேசுவார்கள். பிரதான ஆசாரியனுக்கு எங்கள் சபைக் கமிட்டிக்காரர்கள் போடுகிற மாதிரியே மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டை. மகதலேனா மரியாள் அழுதுகொண்டே வரமாட்டாள். நைலான் புடவை, கையில் வாட்ச், எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்து தின்கிறவள். இயேசுவுக்கு ஜீன்ஸும் தொளதொள சட்டையும். யூதாஸுக்கு டை. மருந்துக் கம்பெனி ரெப் மாதிரி பையை மாட்டிக்கொண்டு வருவான்.

நல்ல பாட்டை யூதாஸுக்குத்தான் கொடுத்திருந்தான், அதுதான் எனக்கு ஆத்திரம். கூட்டம் சேர்ந்துகொண்டே போகிறது, சர்க்கார் சும்மா விடாது, நம் சனத்தை மொத்தமாக அடித்துப் போடுவார்கள், நீ கொஞ்சம் அடங்கு என்று இயேசுவிடம் கெஞ்சுகிற பாட்டு. பட்டன் தைத்துக்கொண்டே கேட்டேன். இவன் சொல்வதில் என்ன தப்பு என்று தோன்றிவிட்டது. சின்ன வயதிலிருந்து நானும் சேர்ந்து கூச்சல் போட்ட யூதாஸ் அவன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

ஒத்திகை பார்க்க ஐயர் வந்தார். நல்ல மனிதர், கோபம் மட்டும் சீக்கிரம் வரும். இயேசு கடவுளை நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"பிதாவேன்னு பாடுங்கப்பா. நைனா இன்னா நைனா, இது சந்தையா?"

"அவரு ஊரு பேச்சுல அப்பாவ எப்டிக் கூப்புடுவாங்களோ அப்டித்தான் ஐயரே அவரும் கூப்ட்டாரு" என்றான் எழுதிய பையன். "நம்ம வூட்ல நாம இன்னான்னு கூப்புடறோம்?"

ஐயர் தன் அப்பாவை நைனா என்று கூப்பிட்டதை ஊரே கேட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு, "சரி, மூணாம் நாளு எங்க? சிலுவையோட நிறுத்திட்ட. உயிர்த்தெழறது எங்க?" என்றார்.

"அத சனங்க வூட்டுக்குப் போயி யோசிச்சிக்கட்டும். என் நாடகத்துல தேவன் பேசமாட்டாரு ஐயரே. கடைசி வரைக்கும் ஒரு வார்த்த பேசமாட்டாரு."

இரண்டு பேரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். கடைசியில், நாடகம் முடிந்ததும் உயிர்த்தெழுதலின் பகுதியை ஐயரே மேடையேறி வாசிப்பது என்று முடிவாயிற்று. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அதற்கு முன்னாலேயே அந்தப் பாட்டைக் கேட்டிருந்தேன்.

பிடிபடுவதற்கு முன்னால் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துப் பாட்டு அது. தோட்டத்துக்குப் பதில் மேடையில் ஒரு எஸ்.டி.டி. பூத்தை வைத்திருந்தான். சீடர்கள் வெளியே பெஞ்சில் தூங்குவார்கள். இயேசு உள்ளே நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு பாடுவார். அதே பாட்டை மறுபடி சிலுவையிலும் பாடுவார்.

நைனா, ரிங் போவுது, ரிங் போவுது,
எடுக்கறதுக்கு ஆளில்ல.
வூட்ல கீறியா, வெளிய போய்ட்டியா,
அதயாச்சும் சொல்லக் கூடாதா?

நான் கையில் இருந்த துணியை வீசிவிட்டு எழுந்தேன். "கட்டையில போறவனே, எங்க வூட்டுக் கதைய எடுத்து எதுக்குடா பாட்டு கட்ற?" என்று எழுதிய பையனைப் பிடித்துக்கொண்டேன். அவன் அரண்டு போனான். "அக்கா, நான் பெங்களூர்ல இருக்கும்போதே எழுதனது இது. உங்க கத எனக்குத் தெரியாது" என்றான். தம்பியைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான், நிசந்தான் என்று. அப்படியானால் என் வாயில் இருந்தது இவன் காகிதத்துக்கு எப்படிப் போனது? வீட்டுக்குப் போய் அம்மாவோடு பேசாமல் படுத்துக்கொண்டேன்.

சிலுவை செய்ய தமிழ்நாட்டு எல்லையோர ஊரிலிருந்து ஒரு தச்சரை அழைத்து வந்தார்கள். அந்த ஊர்களில் கோடையில் பாரதக் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசுக்கு மரம் நடுகிறவர் அவர். உயரமாக வேண்டும் என்று எழுதிய பையன் சொல்லியிருந்தான். தச்சர் தனக்குத் தெரிந்த மாதிரி செய்துவிட்டார். நெட்டையான பனைமரம், ஏறுவதற்கு இரண்டு பக்கமும் படிபோலக் கட்டைகள், உச்சியில் நிற்க ஒரு பலகை, அதற்குப் பின்னால் குறுக்குக் கட்டை. மிஷன் பள்ளிக்கூட மைதானத்தில் அதை நட்டு நிறுத்தியதும் எழுதிய பையன் ஆஹா என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது சிலுவையே இல்லை, தபசு மரம்.

நாங்கள் சபைக்காரர்கள், கூத்துக்குப் போகக் கூடாது. போவோம். நான் கட்டிக்கொண்டு போன ஊரில் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அர்ச்சுனன் வேஷக்காரர் விரதம் இருந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு மரம் ஏறுவார். பிள்ளை இல்லாத பெண்கள் தலைக்குக் குளித்த ஈரப் புடவையோடு மரத்தடியில் குப்புற விழுந்து கிடப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார். எழுந்து மடியேந்துகிறவள் மடியில் எது விழுகிறதோ அது அவளுக்கு வரம். இதெல்லாம் எங்கள் வேதத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியாமலா? ஆனால் எங்கள் வேதத்தில் இருக்கிறபடி எல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று.

தம்பியிடம் போனேன்.

"நீ மேல ஏறனதும் உங்க மாமாவப் பத்திக் கேளு."

"யாரக் கேக்கறது?"

"நீ யாருக்குப் போன் பண்றியோ அவர."

"அக்கா, அது பாட்டு. தேவன்னு ஒருத்தரு கீறாரா இல்லியான்னே எனக்குத் தெரில."

"உனக்குத் தெரிய வேணாம். மேல ஏறனவன் கேட்டாப் போதும். கூத்துல அர்ச்சுனன் வேஷம் கட்றவரு பீடி புடிக்கிறவருதான், பழம் வுழலியா?"

அவன் சிரிக்கவில்லை. "நான் கேட்டு, ஒண்ணும் வரலன்னா நீ இன்னா ஆவ?" என்றான்.

"இப்ப இன்னாவா கீறனோ அதுவாவே இருந்துட்டுப் போறேன். நாடகம் முடியற வரைக்கும் கறி துன்னாத."

கேட்கமாட்டேன் என்றுதான் சொன்னான். ஆனால் அன்றைக்கு அம்மா கறிக் குழம்பு வைத்தபோது மோர் போதும் என்றான்.

லெந்து நாட்களின் ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் நாடகம். சபைக்காரர்கள் நாற்காலியில், மற்ற சனம் தரையில். டிரம்ஸ் சத்தத்துக்கு சுற்று வட்டாரமே வந்திருந்தது. யூதாஸ் பாடியபோது பிள்ளைகள் கூச்சல் போடவே இல்லை, வாயைப் பிளந்து கேட்டார்கள். பிலாத்து கை கழுவிவிட்டு டவல் கேட்டபோது சனம் சிரித்தது. தம்பியைச் சட்டையைக் கிழித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் எழுந்துபோய்ப் பள்ளிக்கூடக் குழாயடியில் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து மரத்தடியில் விழுந்தேன்.

நாற்காலிகளில் குசுகுசு என்று எழுந்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. தரையில் இருந்த பெண்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி என் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

தம்பி படிப்படியாக ஏறினான். உச்சியில் நின்று, கையை விரித்து, அந்தப் பாட்டைப் பாடினான். முடிந்ததும் கிட்டார் நிற்க வேண்டும், டிரம்ஸ் நிற்க வேண்டும், யாரும் எதுவும் பேசாமல் அப்படியே இருக்க வேண்டும். எழுதியது அப்படி. நின்றது. ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்து மடியை விரித்தேன். அவன் கீழே பார்த்தான். கேளுடா, கேளுடா என்று எனக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தேன்.

"நைனா" என்றான் மைக்கில். பாடவில்லை, பேசினான். மாமாவின் பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், லாரி டிரைவர் என்று சொன்னான். "எங்க கீறாருன்னு கூட வேணாம். உயிரோட கீறாரா? அத மட்டும் சொல்லு."

பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்தது. "எம் புள்ளையயும் கேளுப்பா, மஸ்கட்ல கீறான்." அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. "எங்கண்ணன் குவைத்து." அப்புறம் அடங்கவே இல்லை. துபாய், சவூதி, பம்பாய், பேரும் ஊரும் நாலா பக்கமிருந்தும் வந்தன. வெள்ளை வேட்டிக் கமிட்டிக்காரர் ஒருவரும் எழுந்து நின்று மகன் பெயரைச் சொன்னார். தம்பி ஒவ்வொன்றையும் மைக்கில் திருப்பிச் சொன்னான், குரல் போகும்வரை சொன்னான். ஐயர் பைபிளைத் திறந்து கையில் வைத்தபடி மேடை ஓரத்தில் நின்றார். உயிர்த்தெழுதலை வாசிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றார்.

ஒன்றும் வரவில்லை. சனம் எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தது. என் மடியில் என் கை இரண்டும்தான் கிடந்தன. அம்மா வந்து என்னை எழுப்பி நடத்திக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ கடவுளா, உனக்குக் காது இருக்கிறதா, இருந்தும் பேசாமல் இருக்கிற உன்னை என்ன செய்தால் தகும் என்று கேட்டேன். அம்மா தடுக்கவில்லை.

இனி அந்த நாடகம் பள்ளிக்கூட மைதானத்தில் கிடையாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. ஆனால் பேச்சு பரவிவிட்டது. திருப்பதியில் இருந்த ஒரு சபையின் வாலிபர்கள் ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்தில் வந்து போடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்து மைதானம். மலையிலிருந்து இறங்கி ரயிலுக்குக் காத்திருந்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். மொட்டைத் தலையும் அதில் சந்தனமுமாக ஒரு அம்மாள், தம்பி மேலே போனதும், தன் மகன் பெயரையும் ஊரையும் தெலுங்கில் சொன்னாள். தம்பி அதையும் மைக்கில் கேட்டான். இப்போது சனம் அந்தக் கட்டத்துக்காகவே வந்திருந்தது. யூதாஸ் பாடும்போதே பேர் சொல்லத் தயாராக முன்னால் நகர்ந்தார்கள். எழுதிய பையனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஈரப் புடவையோடு போய் விழுந்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

எல்லாம் முடிந்து நான் புடவையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்தாள்.

"உங்க வூட்டுக்காரருக்குப் புருவத்துமேல தழும்பு கீதாம்மா?"

"கீது."

"வளைகுடாவுல லாரி கவுந்து, கால் ஒடஞ்சி வந்தவரு. எங்க வூட்டுக்காரருக்குக் கையில கட்டு போடப் புத்தூருக்குப் போனோம். அவரும் கட்டு போடத்தான் வந்தாராம். இப்ப அங்கயே டீக்கட வெச்சிக்கினு கீறாரு. நல்லாத்தான் கீறாரும்மா."

எலும்பு முறிந்தால் நாங்கள் எல்லோரும் போவது புத்தூருக்குத்தான். அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள், நான் விடவில்லை. உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். தம்பியைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். அவன்தான் பயந்து போயிருந்தான். "நான் சும்மாதான் கேட்டேன்கா" என்று திருப்பித் திருப்பிச் சொன்னான்.

விடிந்ததும் அவனை இழுத்துக்கொண்டு புத்தூருக்கு ரயில் ஏறினேன். டீக்கடையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கைகளும் கால்களுமாக சனம் உட்கார்ந்திருந்த ஒரு மரத்தடியில், காலை இழுத்து இழுத்து நடந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு அவர் மூக்கு.

என்னைப் பார்த்ததும் அந்த மனுசன், "வா" என்றான். கடைக்குப் போய்விட்டு வந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி.

"எப்ப வந்தீங்க?"

"வருசத்துக்கு மேல ஆவுது. கால் ஒடஞ்சிகினு, வெறுங்கையோட எப்டி வூட்டுக்கு வர்றது? சரியாவட்டும்னு பாத்தேன். அப்பால இப்டி ஆயிப்போச்சி."

"இவன் உங்க பேரச் சொல்லி மைக்குல கேட்டான். ஊரே கேட்டுச்சி."

"சொன்னாங்க" என்றான். "சித்தூர்லருந்து கட்டு போட வந்தவங்க டீ குடிச்சிக்கினே சொன்னாங்க."

கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு அடுத்த டீயை ஆற்றியிருக்கிறான். வானத்தைப் பார்த்து நான் திட்டியதெல்லாம் இந்த மரத்தடியில் நிற்கிறவனுக்குச் சேர வேண்டியது. ஒரு கிளாஸை என்னிடம் நீட்டினான். தம்பி முகத்தை மூடிக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டாள். நான் டீயை வாங்கிக் குடித்தேன். விடிந்ததிலிருந்து வாயில் தண்ணீர்கூடப் படவில்லை.

தம்பி அதற்குப் பிறகு மரம் ஏறவில்லை. அடுத்த வாரமே பெங்களூருக்குப் போகிறேன் என்று பையைக் கட்டத் தொடங்கினான். எழுதிய பையன் மட்டும் வீட்டுக்கு வந்து, "அக்கா, இது நாடகத்துக்கு நல்ல முடிவு. நீங்க சம்மதிச்சா கடைசிக் காட்சிய மாத்திடலாம்" என்றான். நான் கத்திரிக்கோலைக் கையில் எடுத்ததும் போய்விட்டான்.

அதற்குள் சித்தூரில் செய்தி பாதி மட்டும் வந்து சேர்ந்திருந்தது. காணாமல் போனவர் கிடைத்துவிட்டார், ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று சபையில் ஒரே சந்தோஷம். எங்கள் சபையில், ஜெபத்துக்குப் பதில் கிடைத்தவர்கள் ஈஸ்டர் காலை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். ஐயர் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்தார். தம்பி அவரிடம் முழுக்கச் சொல்லியிருந்தான்.

"நீ நிக்க வேணாம்மா" என்றார். "உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிக்கிறேன்."

"நிக்கறேன் ஐயரே. கேட்டவ நாந்தானே."

காலையில் சர்ச் முழுக்க லில்லிப் பூ. என் முறை வந்ததும் எழுந்தேன். எல்லாத் தலையும் திரும்பியது. பின்வரிசையில், அன்றைக்கு மைதானத்தில் முதலில் குரல் கொடுத்த மஸ்கட்காரனின் அம்மா கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சபைக்காரி இல்லை, இதைக் கேட்கவே வந்திருந்தாள்.

"உயிரோட கீறாரான்னு மட்டுந்தான் கேட்டேன்" என்றேன். "உயிரோட கீறாரு."

சபை முழுக்க அல்லேலூயா என்றது. ஆர்கன் எழும்பியது, எல்லோரும் எழுந்து பாடினார்கள். மஸ்கட்காரனின் அம்மா வரிசைகளைத் தாண்டி வந்து என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எப்படிக் கேட்டாய், எனக்கும் சொல்லிக்கொடு என்றாள்.